பிறர் தளத்தில் பொருத்தும் விட்ஜெட்டுக்குப் பல மொழி அமைப்பது எப்படி?

வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூரிலிருந்து நீங்கள் மூவர் சேர்ந்து, விடுதிகளுக்கான அறை முன்பதிவு விட்ஜெட் ஒன்றைச் செய்து தருகிறீர்கள். விடுதிக்காரர் தம் தளத்தில் ஒரு வரி ஸ்கிரிப்டை ஒட்டினால் போதும், விட்ஜெட் அங்கே வந்து அமர்ந்துகொள்ளும். இதுவரை அது ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. இப்போது புதுச்சேரி வாடிக்கையாளர்கள் தமிழும் பிரெஞ்சும் கேட்கிறார்கள். மொழியை உலாவியிடமிருந்தே தெரிந்துகொள்ளலாமா, மொழிபெயர்ப்புகளை எங்கே வைப்பது, விடுதிக்காரர் தமக்கு வேண்டிய சொல்லைப் போட்டுக்கொள்ள இடம் கொடுக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் இதே வகை வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். எனவே மூன்றுக்கும் விடை சொல்வதோடு, நீங்கள் கேட்காத, ஆனால் இந்த வேலையில் கட்டாயம் எதிர்ப்படும் சிலவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு தனித் தளத்துக்குப் பல மொழி அமைப்பதற்கும் விட்ஜெட்டுக்கு அமைப்பதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. தனித் தளத்தில் பக்கம் முழுவதும் உங்களுடையது, மொழியை நீங்களே தீர்மானிக்கலாம். விட்ஜெட்டோ இன்னொருவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி. வீட்டார் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருக்கும்போது விருந்தாளி மட்டும் ஆங்கிலத்தில் பேசினால், பக்கத்தைப் படித்துக்கொண்டு வந்தவருக்கு அந்த இடத்தில் தடுக்கும். பணம் கட்ட வேண்டிய இடத்தில் மொழி திடீரென்று மாறினால், இது வேறு யாருடைய தளமோ என்ற ஐயமும் எழும். ஆகவே விட்ஜெட் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதற்கு முதல் சான்று, அதைச் சுற்றியுள்ள பக்கம். உலாவியின் விருப்பம் அதற்குப் பிறகுதான்.

நான் பின்பற்றும் வரிசை இது. ஸ்கிரிப்ட் குறியிலேயே விடுதிக்காரர் ‘டேட்டா-லாங்’ என்ற பண்பின் வழியாக மொழியைக் குறிப்பிட்டிருந்தால் அதற்கே முதலிடம். குறிப்பிடவில்லையென்றால், பக்கத்தின் எச்டிஎம்எல் வேர்க்குறியில் (பக்கத்தின் நிரலைத் தொடங்கும் முதற்குறி) மொழியைச் சொல்லும் ‘லாங்’ பண்பைப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் உலாவி தரும் மொழிப் பட்டியல். கடைசியில், விடுதிக்காரர் பதிவு செய்தபோது தேர்ந்தெடுத்த இயல்புமொழி. விட்ஜெட்டுக்குள்ளேயே மொழி மாற்றும் பொத்தான் வைத்திருந்தால், பயனர் தம் கையால் அழுத்திய தேர்வு இவை எல்லாவற்றையும் மீறும்.

பக்கத்தின் ‘லாங்’ பண்பை முழுமையாக நம்பவும் முடியாது என்பதால்தான் ‘டேட்டா-லாங்’ பண்பை முதலில் வைத்தேன். வேர்ட்பிரஸ் தளத்தில் பொது அமைப்பு மொழியை ஆங்கிலமாகவே விட்டுவிட்டுப் பதிவுகளை மட்டும் தமிழில் எழுதியிருப்பார்கள். பக்கமோ ‘அமெரிக்க ஆங்கிலம்’ என்று தன்னை அறிவித்துக்கொண்டிருக்கும். உலாவியின் நிலை இதைவிட மோசம். நம் ஊரில் தமிழ் மட்டுமே சரளமாகப் படிப்பவர்களின் கைபேசியும் வாங்கியபடியே ஆங்கில அமைப்பில் இருப்பதைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். அந்த உலாவியிடம் கேட்டால் ‘இந்திய ஆங்கிலம்’ என்றுதான் சொல்லும். ஆகவே உலாவியிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்கும் விட்ஜெட், தமிழ்ப் பக்கத்தில் தமிழருக்கு ஆங்கிலத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் முதல் கேள்விக்கு என் விடை இதுதான்: உலாவியிடம் கேட்கலாம், ஆனால் வேறு யாரும் சொல்லாதபோது மட்டும்.

மொழிக்குறிகளை நீங்களாகக் கண்டுபிடிக்காமல் பிசிபி 47 என்ற தரத்தின்படியே வையுங்கள். தமிழுக்கு ‘டிஏ’, இந்தியத் தமிழுக்கு ‘டிஏ-ஐஎன்’, இலங்கைத் தமிழுக்கு ‘டிஏ-எல்கே’, சிங்கப்பூர்த் தமிழுக்கு ‘டிஏ-எஸ்ஜி’. ‘டிஏ-எல்கே’ கேட்டு, அதற்குரிய மொழிபெயர்ப்புக் கோப்பு இல்லையென்றால், கடைசித் துண்டை நீக்கிவிட்டு ‘டிஏ’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேராக ஆங்கிலத்துக்குத் தாவிவிடக் கூடாது. முழுக்குறியை மட்டுமே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மொழிப் பட்டியலும் நிரலுக்குள் ‘தமிழா, பிரெஞ்சா’ என்ற நிபந்தனைகளாக இருக்கக் கூடாது. புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதே ஒட்டியிராத நான்கு ஊர்கள். மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. அங்கிருந்து ஒரு விடுதிக்காரர் வந்து கேட்கும் நாளில் நீங்கள் ஒரு கோப்பைச் சேர்த்தால் வேலை முடிய வேண்டும்.

உங்கள் விட்ஜெட் ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைத் திறக்கும் சட்டகம்) ஓடுகிறதா, பக்கத்திலேயே ஷேடோ டாமுக்குள் (பக்கத்தின் தோற்ற விதிகள் புகாதபடி பிரித்த பகுதி) அமர்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. ஐஃப்ரேம் என்றால், வேறு டொமைனிலிருந்து வரும் சட்டகத்தால் வெளிப்பக்கத்தின் ‘லாங்’ பண்பை எட்டிப் பார்க்க முடியாது. வெளியே ஓடும் சிறிய ஏற்றி ஸ்கிரிப்ட்தான் அதைப் படித்து, சட்டகத்தின் முகவரியில் அளவுருவாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். பிறகு பக்கத்தின் மொழி மாறினால் ‘போஸ்ட்மெசேஜ்’ என்ற செய்தி அனுப்பும் வசதி வழியாகத் தெரிவிக்கலாம், ஆனால் செய்தி எந்த டொமைனிலிருந்து வந்தது என்பதைச் சரிபார்க்காமல் ஏற்கக் கூடாது. பயனரின் மொழித் தேர்வைச் சட்டகத்துக்குள் சேமித்தாலும், இன்றைய உலாவிகள் அதைத் தளத்துக்குத் தளம் தனித்தனியாகப் பிரித்தே வைக்கும். ஒரு விடுதியின் தளத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தவரை அடுத்த விடுதியின் தளம் அறியாது. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. ஷேடோ டாம் என்றால் பக்கத்தின் வேர்க்குறியையே கவனித்துக்கொண்டிருக்கலாம். எந்த வழியானாலும், விட்ஜெட்டின் வெளிக்கூட்டில் அதன் மொழியை ‘லாங்’ பண்பாகக் கட்டாயம் எழுதிவையுங்கள். திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுப்பது அதைப் பார்த்துத்தான். அதோடு, மொழிபெயர்ப்புக்கான நிரல் நூலகத்தின் பொது நிலையைத் தொடாமல் உங்களுக்கென்று தனிப் பிரதி உருவாக்கிக்கொள்ளுங்கள். பக்கமும் அதே நூலகத்தைப் பயன்படுத்தினால், நீங்கள் ‘தமிழ்’ என்று மாற்றிய கணத்தில் விடுதிக்காரரின் பட்டியும் தமிழாகிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மொழிக்கு ஒரு ஜேசன் கோப்பு (பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் எளிய வடிவம்), தேவைப்படும்போது மட்டும் அந்த ஒன்றைத் தரவிறக்குவது என்பதே நான் பரிந்துரைப்பது. கோப்பின் பெயரிலேயே பதிப்பெண் இருக்கட்டும். இல்லாவிட்டால் உலாவியின் தேக்ககத்திலுள்ள பழைய மொழிக்கோப்பும் புதிய நிரலும் சேர்ந்து அரைகுறையான திரையைக் காட்டும். தமிழ்க் கோப்பு வந்து சேரும்வரை ஆங்கிலத்தைக் காட்டிவிட்டுப் பிறகு மாற்றுவதைத் தவிருங்கள். அரை நொடி வெற்றுச் சட்டகம் தெரிவதைக் காட்டிலும், படிக்கத் தொடங்கிய சொல் கண் முன்னே மாறுவது அதிகம் உறுத்தும்.

மொழிச் சொற்களை ஸ்கிரிப்ட் கோப்புக்குள்ளேயே அடைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், நானே பட்ட ஒரு பாடு. கடற்கரைக்கு அருகே ஒரு தங்கும் விடுதி. அதன் தளம் மிகப் பழையது, பிரெஞ்சில் எழுதப்பட்டது, எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகச் சேமிக்கும் இன்றைய பொது முறையான யுடிஎஃப்-8-க்கு முந்திய மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தில் இருந்தது. எங்கள் விட்ஜெட்டை அங்கே பொருத்தியதும் பிரெஞ்சு எழுத்துகளின் மேற்குறிகள் சிதைந்தன. தமிழுக்கு மாற்றினால், தலையில் சாய்கோடு போட்ட சிறிய ‘ஏ’ எழுத்தும் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகக் குறியும் மாறி மாறி வரிசையாக வந்து நின்றன. எங்கள் சோதனைப் பக்கத்தில் எல்லாம் சரியாகவே தெரிந்ததால், ஒரு பகல் முழுவதும் எழுத்துருவைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். உண்மைக் காரணம் வேறு. சாதாரண ஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றை அனுப்பும் சர்வர் அதன் குறியேற்றம் என்ன என்று சொல்லாவிட்டால், உலாவி அதை அந்தப் பக்கத்தின் குறியேற்றத்திலேயே படிக்கும். நம் கோப்பு யுடிஎஃப்-8. பக்கமோ வேறு. யூனிகோடின் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட்டுகளாக நிற்பதாலும், அவற்றில் முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே திரும்பத் திரும்ப வருவதாலும்தான் அந்த ஒரே இணை வரிசைகட்டியது. அந்தத் தோற்றத்தைக் கண்டாலே, ‘தமிழ் யுடிஎஃப்-8 தவறாக வாசிக்கப்படுகிறது’ என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதற்கு மூன்று மாற்றுகள் உண்டு. ஸ்கிரிப்ட் கோப்பை அனுப்பும்போது சர்வர் தலைப்பில் குறியேற்றத்தை வெளிப்படையாக எழுதலாம். தொகுக்கும் கருவியிடம் சொல்லித் தமிழ் எழுத்துகளை யூனிகோடு எண்களாக மாற்றி எழுதச் செய்யலாம். அல்லது சொற்களை ஜேசனாகத் தனியே தருவிக்கலாம். ‘ஃபெட்ச்’ என்ற தருவிக்கும் கட்டளை வழியாக வரும் ஜேசனை உலாவி எப்போதும் யுடிஎஃப்-8 என்றே படிக்கும், பக்கம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. மூன்றாவது வழியில் இரண்டு முன்னேற்பாடுகள் வேண்டும். மொழிக்கோப்பை வழங்கும் சர்வர் பிற டொமைன்களுக்கு அனுமதி தரும் தலைப்பை அனுப்ப வேண்டும். விடுதித் தளத்தில் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை (எந்த டொமைனிலிருந்து எதை ஏற்றலாம் என்ற பட்டியல்) போடப்பட்டிருந்தால், ஸ்கிரிப்டுக்கு மட்டுமல்லாமல் இணைப்புக்கும் எழுத்துருவுக்கும் தனித்தனியே உங்கள் டொமைனைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். இதை உங்கள் பொருத்தும் வழிகாட்டியில் முதற்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இனி, நான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்பும் பகுதி. பெரும்பாலான விட்ஜெட்டுகளில் தமிழ் கெட்டுப்போவது சொல் தேர்வால் அல்ல. வாக்கியத்தைத் துண்டுகளாக வைத்திருப்பதால்தான் கெட்டுப்போகிறது. ஆங்கிலத்தில் ‘இன்’ என்று ஒரு சொல், அதன்பின் ஊர்ப்பெயர் என்று ஒட்டினால் வாக்கியம் அமைந்துவிடும். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் உள்ளேயே புகுந்து அதை மாற்றிவிடுகிறது. ஊர்ப்பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தில் ‘இல்’ என்று எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கடலூர் கடலூரில் ஆக வேண்டும், புதுச்சேரி புதுச்சேரியில் ஆக வேண்டும், விழுப்புரம் விழுப்புரத்தில் ஆக வேண்டும். ஆனால் திரையில் வருவதோ ‘புதுச்சேரிஇல்’, ‘விழுப்புரம்இல்’. நடுவே ஒரு சிறுகோடு போட்டு ‘விழுப்புரம்-இல்’ என்று சமாளிப்பவர்கள் உண்டு. அரசு அலுவலகப் படிவத்தில் அதைப் பொறுத்துக்கொள்வோம், விருந்தினரை வரவேற்கும் திரையில் அது அழகாக இல்லை.

விதி எழுதி நிரலாலேயே உருபைச் சேர்க்கலாம் என்று நானும் ஒருமுறை முயன்றேன். மகர ஒற்றில் முடிந்தால் அத்துச் சாரியை, இகரத்தில் முடிந்தால் யகர உடம்படுமெய் என்று எழுதிக்கொண்டே போனேன். சிதம்பரமும் விழுப்புரமும் ஒழுங்காக வந்தன. ஏனாம் வந்ததும் விதி ‘ஏனாத்தில்’ என்று தந்தது. ஏனாமில் என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். அதன்பின் விடுதிகளின் பெயர்கள், அவற்றில் பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். அந்த முயற்சியை அத்துடன் விட்டேன். இப்போது நான் செய்வது இரண்டே. நம் பட்டியலில் உள்ள ஊர்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால், ஒவ்வொன்றுக்கும் எழுவாய் வடிவம், ‘இல்’ வடிவம், ‘கு’ வடிவம் என்று மூன்றையும் கையாலேயே எழுதி மொழிக்கோப்பில் வைத்துவிடுகிறேன். முன்கூட்டி அறிய முடியாத பெயர்கள் வரும் இடத்தில், பெயர் உருபேற்காமல் தனியே நிற்கும்படி வாக்கியத்தையே மாற்றி எழுதுகிறேன். விருந்தினர் பெயரோடு ‘க்கு உறுதிச் சீட்டு அனுப்பப்பட்டது’ என்று ஒட்டினால் தேவிக்கு மட்டும் பொருந்தும், குமாரும் மல்லிகாவும் இடறுவார்கள். ‘வணக்கம் மல்லிகா, உறுதிச் சீட்டை அனுப்பிவிட்டோம்’ என்றால் எந்தப் பெயரும் இடறாது.

‘ஐ’ உருபிலும் இதே கதைதான், கூடவே வல்லினம் மிகுவதும் சேர்ந்துகொள்ளும். ‘இந்தப் புலத்தைத் தேர்ந்தெடுங்கள்’ என்ற ஒரே பிழைச்செய்தியில் புலத்தின் பெயரை மாற்றி மாற்றி நுழைப்பதை விட்டு, ‘வருகை நாளைத் தேர்ந்தெடுங்கள்’, ‘பெயரை எழுதுங்கள்’, ‘கைபேசி எண்ணைத் தாருங்கள்’ என்று புலத்துக்கு ஒரு முழு வாக்கியமாகவே வையுங்கள். பத்துப் பதினைந்து வரிகள் கூடும், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இது தேவைப்படுகிறது. அவர்களுடைய ‘த’ என்ற முன்னிடைச்சொல், உயிரொலியில் தொடங்கும் பெயருக்கு முன்னால் தன் உயிரை இழந்து ஒட்டிக்கொள்ளும். பொந்திஷேரிக்கு ஒரு வடிவம், ஆரோவிலுக்கு வேறு வடிவம். ஆக, துண்டுகளை ஒட்டும் முறை ஆங்கிலம் ஒன்றுக்குத்தான் வசதி.

எண்ணிக்கைக்கும் முழு வாக்கியமே வேண்டும். எண், தேதி, பன்மை ஆகியவற்றை எழுதும் முறையை மொழிவாரியாகத் தொகுத்த, யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் தரவில் தமிழுக்கு ஒருமை, மற்றவை என்று இரண்டே வகை. ஆங்கிலத்துக்கும் அப்படியே. பிரெஞ்சில் 0 என்ற எண்ணும் ஒருமையிலேயே சேரும், அரபிக்கு ஆறு வகைகள், ஜப்பானியத்துக்கு ஒன்றே. எனவே ‘ஒன்றைவிட அதிகமா’ என்று நீங்களே சோதிக்காமல், உலாவியில் ஏற்கெனவே உள்ள ‘இன்ட்எல்’ என்ற மொழிவாரி நூலகத்தின் பன்மை விதிகளிடம் கேளுங்கள். தமிழில் ‘அறை’ ‘அறைகள்’ ஆவதோடு நில்லாமல் வினையும் மாறுகிறது: ‘1 அறை உள்ளது’, ‘2 அறைகள் உள்ளன’. பெயரை மட்டும் பன்மையாக்கி வினையைப் பொதுவாக வைத்தால் ‘2 அறைகள் உள்ளது’ என்று வந்து நிற்கும். சுழியத்துக்குத் தனி வாக்கியம் எழுதுங்கள். ‘0 அறைகள் உள்ளன’ என்று யாரும் பேசுவதில்லை, ‘இந்த நாள்களில் அறை காலியாக இல்லை’ என்றே சொல்கிறோம். ஆட்களை எண்ணும்போது ‘ஒருவர்’, ‘2 பேர்’ என்று எழுதினால் நம் பேச்சோடு ஒட்டும்.

எண், பணம், தேதி ஆகியவற்றில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மொழி வேறு, இடம் வேறு. பிரெஞ்சில் படிக்கும் விருந்தினரும் புதுச்சேரியில் ரூபாயில்தான் கட்டப்போகிறார், புதுச்சேரி நேரத்தில்தான் வந்து இறங்கப்போகிறார். மொழி பிரெஞ்சு ஆனதும் நாணயத்தை யூரோ ஆக்கிவிட்ட விட்ஜெட் ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன். நாணயமும் நேர மண்டலமும் விடுதியோடு சேர்ந்தவை. எழுதும் முறை மட்டுமே மொழியோடு மாறும்: தமிழில் 1,25,000 என்று இலட்ச முறையில் காற்புள்ளி வரும், பிரெஞ்சில் 125 000 என்று இடைவெளியோடு வந்து ரூபாய்க் குறி பின்னால் நிற்கும். சிங்கப்பூர்த் தமிழுக்கோ ஆயிர முறையே தரவில் உள்ளது. நாட்காட்டியில் நமக்கு ஞாயிறு முதல் நாள், பிரான்சில் திங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை ‘இன்ட்எல்’ நூலகமே பார்த்துக்கொள்ளும், நீங்கள் கையால் எழுத வேண்டாம். ஆனால் அது தரும் எழுத்துக்கோவையை அப்படியே சோதனையில் ஒப்பிடாதீர்கள். 2022-இல் வந்த சிஎல்டிஆர் 42-ஆம் பதிப்பில், ஆங்கில நேரத்தில் ‘ஏஎம்’, ‘பிஎம்’ ஆகியவற்றுக்கு முன்னிருந்த சாதாரண இடைவெளி குறுகிய பிரியா இடைவெளியாக மாறியது. கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாமலே பலருடைய நிரல்கள் உடைந்தன. இன்னொன்று: தங்கும் நாளைத் தேதியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய நள்ளிரவை உலக நேரத்துக்கு மாற்றினால் முந்தின நாள் மாலை 6.30 ஆகிவிடும், விருந்தினருக்கு ஒரு நாள் முன்னதாக அறை பதிவாகும்.

திரையின் அமைப்பைச் சோதிக்க உங்கள் ஊரிலேயே மிகச் சிறந்த சொல் ஒன்று இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர். நமக்கு அது 11 எழுத்து. யூனிகோடில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு மெய்யும் ஒரு குறியுமாகப் பிரிவதால் 22 குறிகள், யுடிஎஃப்-8-இல் 66 பைட்டுகள். உள்ளீட்டுப் பெட்டியில் ‘20 எழுத்துவரை’ என்று வரம்பு வைத்திருந்தால் அது எண்ணுவது குறிகளை. கடைசி ‘ர்’ விழுந்து ‘திருப்பாதிரிப்புலியூ’ என்று நிற்கும். பட்டியலில் இடம் போதாமல் 15 குறிகளில் வெட்டினால் ‘திருப்பாதிரிப்ப’ என்று வரும், அதாவது ‘பு’ என்ற எழுத்தே ‘ப’ ஆகிவிடும். வெட்டியே ஆகவேண்டுமென்றால் ‘இன்ட்எல் செக்மென்டர்’ கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரித்து வெட்டுங்கள். அதைவிட நல்லது வெட்டாமலே விட்டு, பெட்டி விரியும்படி சிஎஸ்எஸ் (தோற்றத்தை வகுக்கும் மொழி) எழுதுவது. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் ‘முன்பதிவு செய்க’ ஆகும், அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போட்டிருந்தால் அது வெளியே வழியும். உயரத்தைக் கட்டிப்போட்டிருந்தால் ‘கீ’யின் மேல்வளைவும் ‘மூ’வின் கீழ்ச்சுழியும் அறுபடும். வரி உயரம் ஆங்கிலத்துக்குப் போதுமானதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தமிழுக்கு வேண்டும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். தமிழ்க் குறிகளின் வீச்சை மட்டும் அறிவிப்பில் குறித்துவிட்டால், தமிழ் வரும் பக்கத்தில் மட்டுமே அது இறங்கும். எழுத்துரு அறிவிப்பை ஷேடோ டாமுக்குள் எழுதினால் உலாவி பொருட்படுத்தாது, வெளிப்பக்கத்தில்தான் சேர்க்க வேண்டும். வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள் உங்களுக்கு இப்போது இல்லை. ஆனாலும் ‘இடது’, ‘வலது’ என்பதற்குப் பதில் ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்ற சிஎஸ்எஸ் பண்புகளை இன்றே பயன்படுத்திவிட்டால் பின்னாளில் உருது கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல நேராது.

சொற்களைப் பற்றி. ஆங்கிலச் சொல்லையே சாவியாக (மொழிக்கோப்பில் ஒவ்வொரு சொல்லையும் அடையாளம் காட்டும் பெயராக) வைத்து மொழிபெயர்க்காதீர்கள். ‘ஓப்பன்’ என்ற ஒரு சொல் பொத்தானில் ‘திற’ ஆகும், நிலைக்குறிப்பில் ‘திறந்துள்ளது’ ஆகும். பொருளைச் சுட்டும் சாவி கொடுத்து, அது திரையில் எங்கே வருகிறது என்ற குறிப்பையும் மொழிபெயர்ப்பாளருக்கு எழுதுங்கள். பிறகு அந்தத் தமிழை, அதை நாள்தோறும் பேசும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எங்கள் முதற்பதிப்பில் இரண்டாம் தேதிக்கு ‘வெளியேறும் நாள்’ என்று போட்டிருந்தோம். ஒரு விடுதியின் வரவேற்பில் இருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, “சார், வெளியேறுன்னா வந்தவங்கள வெரட்டுற மாதிரி இருக்கு, புறப்படும் நாள்னு போடுங்க” என்றார். அன்றே மாற்றினோம். ஏவலிலும் ஒரே நிலையைக் கடைப்பிடியுங்கள். ஒரு பெட்டியில் ‘தேர்வு செய்க’, அடுத்ததில் ‘தேர்ந்தெடுக்கவும்’, மூன்றாவதில் ‘தேர்ந்தெடுங்கள்’ என்று இருந்தால் மூன்று பேர் மாறி மாறிப் பேசுவதுபோல் இருக்கும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இங்கிருந்தே வருகிறது. விடுதிக்காரருக்குத் தம் விருந்தினரைத் தெரியும். ‘வருகை நாள்’ என்பதற்குப் பதில் ‘செக்-இன்’ என்றே வேண்டுமென்று அவர் கேட்டால் இடம் கொடுங்கள். சாவியும் சொல்லும் கொண்ட ஒரு சிறிய பட்டியலை அவர் தரட்டும், உங்கள் கோப்பின்மேல் அதைப் போர்த்துங்கள். அவர் தருவதை வெறும் எழுத்தாக மட்டுமே திரையில் இடுங்கள், எச்டிஎம்எல்லாக ஒருபோதும் இடாதீர்கள். அது பாதுகாப்புக்கே ஓட்டை. அப்படி இடம் கொடுத்த நாளிலிருந்து உங்கள் சாவிப் பெயர்கள் நீங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. அடுத்த பதிப்பில் அழகுக்காகப் பெயர் மாற்றினால் எல்லாருடைய திருத்தங்களும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகும்.

சர்வரிலிருந்து வரும் பிழைச்செய்திகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரை முழுவதும் தமிழில் இருக்க, பணம் செலுத்துவது தோற்கும் கணத்தில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். மொழி மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான். சர்வர் பிழையின் குறியை மட்டும் அனுப்பட்டும், வாக்கியத்தை விட்ஜெட் சொல்லட்டும். முன்பதிவோடு மொழிக்குறியையும் சேமித்துவையுங்கள், உறுதி மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அதே மொழியில் போக வேண்டும்.

மொழி மாற்றும் பட்டியில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் எழுத்திலேயே இருக்கட்டும், கொடிகள் வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆட்சி நிலை பெற்ற தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவீர்கள்? புதுச்சேரித் தெருப்பலகைகள் கொடி எதுவுமின்றித் தமிழையும் பிரெஞ்சையும் அருகருகே எழுதி நிற்கின்றன. அந்த முறையே போதும். விட்ஜெட் பக்கத்திலேயே நேரடியாக அமர்கிறதென்றால், வெளிக்கூட்டில் ‘டிரான்ஸ்லேட்’ பண்பை ‘நோ’ என்று வையுங்கள். உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பு எழுத்துகளைப் பிடுங்கி வேறு குறிகளுக்குள் சுற்றுவதால், திரையை அமைக்கும் ரியாக்ட் போன்ற நிரல் நூலகங்கள் தாம் வைத்த இடத்தில் எழுத்தைக் காணாமல் நின்றுபோவதுண்டு.

வெளியிடும் முறையில் ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே உங்கள் ஒற்றை வரியை ஒட்டியிருப்பவர்கள் அதை மறந்திருப்பார்கள். பக்கத்தின் மொழியைப் பார்த்து மாறும் புதிய நிரலை நீங்கள் ஓரிரவில் ஏற்றினால், அவர்களுடைய விட்ஜெட் மறுநாள் காலை அவர்கள் கேட்காத மொழியில் இருக்கும். எனவே ‘டேட்டா-லாங்’ இல்லாத பழைய பொருத்தல்கள் ஆங்கிலத்திலேயே தொடரட்டும். ‘ஆட்டோ’ என்று எழுதியவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன வரிசை செயல்படட்டும். புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் வரியில் ‘ஆட்டோ’வை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மொழிகளில் தமிழை முதலில் செய்யுங்கள். உருபும் வினையும் நீளமும் சேர்ந்து உங்கள் அமைப்பின் எல்லாக் குறைகளையும் அதுவே வெளிக்கொணர்ந்துவிடும், பிரெஞ்சுக்கு வரும்போது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வேலை மட்டுமே மிஞ்சியிருக்கும்.